ஒரு சென்சரின் சொல்

ஸ்கூட்டி பழகின நாட்களில் எங்கள் எல்லோருக்கும் ஒன்று நடந்திருக்கும். மெதுவாகப் போகும்போது ஹாண்டிலை நல்லா வெட்டித் திருப்ப வேண்டும். வேகமாகப் போகும்போதும் அதே அளவு திருப்பினால் நேரே மதில்தான். யாரும் கணக்குச் சொல்லித் தரவில்லை, கை தானாகப் பழகிக்கொண்டது.

விமானக் கணினிக்கு இதை எழுதிக் கொடுக்க வேண்டும். அதே உயரத்தில் வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். வால் கொஞ்சம் அசைந்தாலே போதும். எந்த வேகத்துக்கு எவ்வளவு என்று பொறியியலாளர்கள் முன்கூட்டியே அட்டவணை போட்டு வைக்கிறார்கள். இதுதான் 'கெயின் ஷெடியூலிங்' என்று பொறியியல் பீடத்து நண்பன் சொன்னபோது, கலைப்பீடக்காரரான எங்களுக்கு இதில என்ன இருக்கு என்றுதான் பட்டது.

பிறகுதான் போயிங் 737 மக்ஸ் பற்றி வாசித்தோம். மூக்கு அளவுக்கு மீறி எழுந்தால் அதைக் கீழே தள்ள 'எம்காஸ்' என்றொரு மென்பொருள். அதிவேகத்துக்கு வால் 0.6 பாகை அசைந்தால் போதும் என்று முதலில் வைத்தார்கள். குறைந்த வேகத்துக்கும் அதை நீட்டியபோது 2.5 பாகை ஆக்கினார்கள். எங்கட ஸ்கூட்டிக் கணக்கேதான்.

பிழை வேறிடத்தில் இருந்தது. காற்றுக்கு எதிரே விமானம் நிற்கும் கோணத்தை அளக்க இரண்டு சென்சர்கள் இருந்தும், எம்காஸ் ஒரு நேரத்தில் ஒன்றின் சொல்லைத்தான் கேட்டது. அந்த ஒன்று பொய் சொன்னது. விமானிகள் தூக்கத் தூக்க, அது திரும்பத் திரும்ப அழுத்தியது. 2018 ஒக்டோபர் 29, லயன் எயார்: 189 பேர். 2019 மார்ச் 10, எத்தியோப்பியன்: 157 பேர்.

மூன்று சென்சர் வைத்து, ஒன்று மாறிச் சொன்னால் மற்ற இரண்டையும் நம்புவது பழுது தாங்கும் கட்டுப்பாட்டில் பழைய முறை. மக்ஸ் திரும்பப் பறக்க முன், இரண்டு சென்சரையும் ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் எம்காஸ் விலகிக்கொள்ளும்படி மாற்றினார்கள்.

ஆனால் எங்களை அதிகம் உறுத்தியது இன்னொன்று. முதல் விபத்து நடக்கும்வரை, எம்காஸ் எப்படி வேலை செய்யும் என்று விமானிகளின் கையேட்டில் விளக்கியிருக்கவில்லை. இதைக் கதைச்சபோது நண்பன், "அது எங்கட பாடம் இல்லை மச்சான், உங்கட பாடம்" எண்டான்.

நாங்கள் ஸ்கூட்டியை இரவல் குடுக்கும்போதுகூட, பிரேக் ஒரு பக்கம் இழுக்கும் எண்டு சொல்லித்தான் திறப்பைக் குடுக்கிறம்.