வயது பத்தாதாம்!

அமெரிக்கக் குடியரசுத் தலைவராவதற்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று வகுப்பிலே கூறினேன். "நம் நாட்டில், ஐயா?" என்றாள் ஒரு மாணவி. சட்டமன்றத்திற்கு 25, ஊராட்சிக்கு 21 என்றேன். சொன்ன நாவிலே கசப்புத் தட்டிற்று.

ஏன் என்கிறீர்களா, தோழர்களே! 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. என் பெரியப்பா மகள், பட்டதாரி, 22 வயதினள், "நான் நிற்கிறேன்" என்றாள். "சின்னப் பிள்ளை, வயசு பத்தாது" என்றார் பெரியப்பா. "சட்டம் 21 என்கிறதே" என்றேன். ஜாதகத்தை எடுத்து வந்தார். ஏழரைச் சனியாம்! அதற்குமேல் நானும் வாய் திறக்கவில்லை. கல்லூரி மாணவன்தான், என்ன பயன்?

அந்தப் பெரியப்பா யார்? 1984-ல், 21 வயதில், ஆண்டிப்பட்டியில் முதல் வாக்கைப் போட்டவர். வாக்குரிமைக்கே அன்று 21 வயது வேண்டும். 18 ஆனது 1989-ல்தான். வேட்பாளர் எம்.ஜி.ஆருக்கு அகவை 67. அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனையிலே படுத்திருந்தார். தொகுதிக்கு வந்து ஒரு கும்பிடு போடவில்லை. வென்றார், முதலமைச்சராகவும் தொடர்ந்தார். முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்க அப்பனுக்கு 21 வயது போதும். தெருவிளக்குக்காக வாதாட மகளுக்கு 22 போதாது!

இந்தப் பள்ளத்தாக்கு வயதைப் பார்த்தா வாக்களித்தது? 1989-ல் போடிநாயக்கனூர் தேர்ந்தெடுத்த ஜெயலலிதாவுக்கு வயது 40. 1991-ல் அவர் முதலமைச்சரானபோது 43. 1961-ல் கென்னடி பதவியேற்ற அதே வயது. அமெரிக்க மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்களிலேயே இளையவர் அந்தக் கென்னடி. பெரியகுளம் நகர்மன்றத் தலைவராயிருந்த ஓ. பன்னீர்செல்வம், 2001-ல் முதன்முறையாகச் சட்டமன்றம் புகுந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், 50 வயதில், முதலமைச்சர். அமெரிக்காவிலோ 2020-ல் பைடன் 77 வயதிலும், 2024-ல் டிரம்ப் 78 வயதிலும் வென்றார்கள். அங்கே மூப்பைப் பற்றி விவாதம். எங்கள் வீட்டிலே இளமை குற்றம்.

அதுவும் எத்தனை நாள்? தேர்தல் முடிந்த தை மாதமே அக்காளுக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கினார்கள். "வயசு ஏறிக்கொண்டே போகுதே" என்று பெரியப்பாவே புலம்பினார். ஒரே மாதத்தில் பத்தாத வயது மிஞ்சிய வயதாகிவிட்டது!

இப்போது அக்காளுக்கு ஒரு மகன். சென்ற வாரம் வந்தவள், வேட்புமனுவோடு என்னென்ன தாள்கள் இணைக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். திண்ணையில் பெரியப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.