பெண்கள் எடுத்த ஊர்

திருவையாறு என்றதுமே பலர் கண்முன் வருவது தியாகராஜர் ஆராதனைப் பந்தலும், எதிரெதிரே உட்கார்ந்து அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும் வித்வான்களும்தான். ஊர்க்காரர்களுக்கு அது வருஷத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் ஐயாறப்பர் கோயில், தஞ்சாவூர் பஸ், கடைத்தெருவில் இலைத் துண்டில் சுடச்சுட வாங்கித் தின்னும் பாசிப்பருப்பு அசோகா. சித்திரையில் ஏழூர்த் திருவிழா. ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கேறி திருப்பழனம், திருச்சோற்றுத்துறை என்று சுற்றியுள்ள ஊர்களைக் கண்டு திரும்புவார். வழியெங்கும் பானகமும் நீர்மோரும்.

இவ்வூரின் சரித்திரத்தில் எனக்குப் பெண்கள்தான் முன்னே நிற்கிறார்கள். ஐயாறப்பர் கோயிலின் வடகயிலாயச் சந்நிதியை எடுப்பித்தவர் ராஜராஜனின் தேவி உலகமாதேவி. தன் பெயரையே அந்தக் கற்றளிக்கு வைத்தார். அம்மனும் அறம்வளர்த்த நாயகி; தியாகராஜரே அவள்மேல் கீர்த்தனை பாடியிருக்கிறார்.

அந்தத் தியாகராஜர் 1847-இல் மறைந்தார். காவிரிக்கரையில் இருந்த சமாதி நாளடைவில் புதர் மண்டிப் போயிற்று. அந்த நிலையைத் தன் குரு பிடாரம் கிருஷ்ணப்பா கடிதத்தில் எழுத, சென்னையில் புகழோடு இருந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் புறப்பட்டு வந்தார். பாடிச் சம்பாதித்த பணத்தையும் நகைகளையும் போட்டு, 1921-இல் தொடங்கி 1925-இல் கோயிலாக்கிக் கும்பாபிஷேகம் செய்துவைத்தார்.

இத்தனை செய்தவருக்கு ஆராதனையில் பாட இடமில்லை. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து கிடந்த வித்வான்கள், பெண் பாடக்கூடாது என்பதில் மட்டும் ஒன்றாக இருந்தார்கள். தேவதாசி மரபில் வந்தவர் என்ற இளப்பம் வேறு. அம்மாள் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-41 வாக்கில்தான் எல்லோரும் ஒரே விழாவாகச் சேர்ந்தார்கள். பஞ்சரத்தினத்தின் ஐந்து கீர்த்தனைகளையும் கூடிப் பாடும் வழக்கமும் அப்போது வந்ததே. இன்று தொன்றுதொட்டு வருவதுபோல் நாம் கைகூப்பிக் கேட்கும் அந்தக் கூட்டுப் பாட்டுக்கு வயது அவ்வளவுதான்.

அம்மாள் கடைசிக் காலத்தை இங்கேயே கழித்து 1952-இல் காலமானார். தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தபடி அவருக்கும் சமாதி இருக்கிறது. சொத்தை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தபோது உயிலிலும் பெண்கள் பாடும் உரிமையை அவர் விடவில்லை. ஆராதனைக்குப் போகிறவர்கள் சந்நிதியில் கும்பிட்டதும் அம்மாளுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.