பல்லுக்குக் கொடுத்த அவகாசம்

ஆழமான சொத்தையைச் சுரண்டியெடுத்துப் பல்லை அடைத்த வைத்தியர், காரியம் முடிந்தது என்று சொல்லாமல், இனிமேல் பல்தான் தன் காரியத்தைச் செய்துகொள்ள வேண்டும் என்று சொன்னால், நோயாளியின் மனம் சற்றே சோர்ந்துபோவது இயல்பு. கொச்சி மட்டாஞ்சேரியில் என் கடைவாய்ப் பல்லுக்குச் சிகிச்சை செய்த அம்மையார் அப்படித்தான் சொன்னார். சொத்தை கூழுக்கு வெகு சமீபம் வரை போய்விட்டது, ஆயினும் உள்ளே ஜீவன் இருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம், தேறாவிட்டால் ரூட் கேனால் செய்துகொள்ளலாம் என்பது அவருடைய அபிப்பிராயம்.

வெளியே கடினமான எனாமல், அதனுள் டென்டின், அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் நிறைந்த மிருதுவான கூழ் என்று அமைந்த பல்லில், வேதனைக்கெல்லாம் இருப்பிடம் அந்தக் கூழேயாகும். உடம்பில் வேறெங்கே அழற்சி கண்டாலும் சதை வீங்கி இடம் தேடிக்கொள்ளும். நாற்புறமும் கெட்டியான சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும் கூழுக்கோ வீங்க இடமில்லை, ஆகையால் அழுத்தம் முழுவதும் நரம்பின்மேல் விழுகிறது. எனினும் உபத்திரவம் நீங்கிவிட்டால், தன் உட்சுவரில் புதிய டென்டினை மெல்ல மெல்லப் படியவைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தி அதற்கு உண்டு. அதற்கு வாரங்களும் மாதங்களும் பிடிக்கும். வைத்தியர் கேட்ட அவகாசம் இதற்குத்தான்.

தற்காலிகமாக அவர் வைத்த அடைப்பில், இவ்வூர்க்காரர்களுக்கு வெகுவாகப் பழகிய ஒரு மணம் இருந்தது. துத்தநாக ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடியை, கிராம்புத் தைலத்தின் சாரமான யூஜினாலில் குழைத்த பசை அது. நரம்பைச் சாந்தப்படுத்தும் குணமுடையது. யூதர் தெருப் பண்டகசாலைகளில் மிளகோடும் சுக்கோடும் மணக்கும் கிராம்பு, ஆதியில் மலையாளக் கரைக்குரிய சரக்கன்று. கீழ்க்கடலின் மொலுக்காத் தீவுகளிலிருந்து வந்தது. அதன் வியாபாரத்தைத் தங்கள் கைக்குள்ளேயே வைத்திருந்த டச்சுக்காரர்கள்தாம் 1663-ல் கொச்சியையும் பிடித்தார்கள். 1800-ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் நட்ட பிறகே அம்மரம் நம் நாட்டில் வேரூன்றியது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்து மலைச்சரிவுகளில் செழித்து வளர்கிறது.

டச்சுக்காரர்களுக்கு முன்னே இந்த வாசனைப் பொருள்களைத் தேடிப் புறப்பட்ட போர்த்துகீசிய மாலுமிகளின் கதி பரிதாபமானது. வாஸ்கோ ட காமாவின் முதற் பயணத்தில், பச்சைக் காய்கனிகள் இல்லாமல் ஸ்கர்வி நோய் கண்டு, ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொள்ள, உண்ண முடியாமலே பலர் மாண்டுபோனார்கள். 1524-ல் கொச்சியில் இறந்த காமா முதலில் அடக்கம் செய்யப்பட்ட செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்தைத் தாடையில் கை வைத்தவாறு கடந்துபோன அந்நாட்களில், பெயர் நிலைத்த அந்தத் தலைவனைவிடப் பெயர் தெரியாத அந்த மாலுமிகளே என் நெஞ்சில் நின்றார்கள்.

நிரந்தர அடைப்பு வைத்த பின் மெல்லும்போது சுரீரென்றது. வைத்தியர் நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, மை ஒட்டிய மேட்டை மட்டும் தேய்த்துவிட்டார். அன்றிரவே சோற்றை அந்தப் பக்கத்திலும் மெல்ல முடிந்தது. குளிர்ந்த நீர் பட்டால் எழுந்த கூச்சமும் நாளடைவில் நொடிப்பொழுதாகச் சுருங்கியது. சில மாதங்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்லலாம் என்கிறார்.

ரூட் கேனால் என்றாலே நடுங்குகிறவர்கள் அநேகர். வலிப்பது அழற்சி கண்ட கூழே. சிகிச்சையோ ஊசி போட்டு மரக்கச் செய்த பிறகு அந்தக் கூழை அகற்றி, வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து, மலேயா மரமொன்றின் பாலான கட்டாபெர்ச்சாவால் அடைப்பது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு ஒரு காலத்தில் உறையாக இருந்த பொருளும் அதுவே. தேவைப்பட்டால் செய்துகொள்ளத் தயங்கமாட்டேன். தேவைப்படுமுன் அவசரப்படுத்தாத வைத்தியருக்கும் நன்றியுடையேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராம்பெண்ணெயைத் தொட்டு வைத்து வலியை மறக்கடிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அடைத்த பல்லின் கூச்சம் சில நொடிகளில் அடங்கினால் பொறுத்திருங்கள். சூடு பட்டதும் வலி எழுந்து நெடுநேரம் நீடித்தாலோ, காரணமின்றி இரவில் உறக்கத்தைக் கெடுத்தாலோ, ஈறு வீங்கினாலோ தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று நீங்களாகச் சொல்லாமல், அதைக் காப்பாற்ற வழியுண்டா என்று முதலில் கேளுங்கள்.