தேதி தவறிய கணினி



கொல்லிமலை அடிவாரமான புளியஞ்சோலையில் இணையம் தடைபடுவது புதிதன்று. மஃரிபுக்குப் பின் இணையவழியில் நான் நடத்தும் ஓதல் வகுப்புக்கு ஒரு மாணவன் மூன்று நாட்கள் வரவில்லை. “கணினியை அப்டேட் செய்ததிலிருந்து வகுப்பு திறக்கவில்லை, ஹஜ்ரத்” என்றான். சாக்கு என்றெண்ணி, காலை மதரஸாவில் பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்தான்.

மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் தாயாரின் கைப்பேசியில் அதே வைஃபை தடையின்றி இயங்கியது. கணினியிலோ, ‘இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்ற பிழைச்செய்தி. திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன்; சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. அப்டேட் முடிந்ததும் கணினியை அணைத்து, பிளக்கையும் கழற்றியிருக்கிறார்கள். உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்ததால் கடிகாரம் பின்னோக்கிப் போய்விட்டது.

இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி தன் தேதியைக் கொண்டே அதனைச் சோதிக்கும். அத்தேதி பிழையானால் மெய்யான சான்றிதழையும் மறுத்துவிடும். தேதியைத் திருத்தினோம், வகுப்பு திறந்தது. பேட்டரியையும் மாற்றச் சொன்னேன்.

வீண் சந்தேகத்தைத் தடுக்கும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தை எத்தனையோ முறை கற்பித்தவன் நான். மறுநாள் காலை, அதே பிள்ளைகள் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அல்லாஹ் நம் எண்ணங்களைச் சீராக்குவானாக, ஆமீன்.