ஆத்துக்கு அடியில் எறங்கினவங்க

அமெரிக்காவில் லூயிவில் நகரத்துக்குப் போகிறவர்களை எல்லாரும் கூட்டிப்போய்க் காட்டுகிற இடம் ‘பிக் ஃபோர்’ பாலம். ஒஹையோ ஆற்றின் குறுக்கே 1895இல் கட்டி முடித்த ரயில் பாலம். ரயிலை வேறு பாலத்துக்கு மாற்றிவிட்டு, 1969இல் இரண்டு கரையிலும் ஏறுகிற பகுதியைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் ஏறவும் வழியில்லை, எறங்கவும் வழியில்லை, அந்தரத்தில் நின்றது. 2013இல் லூயிவில் பக்கமும் 2014இல் எதிர்க்கரை ஜெஃபர்சன்வில் பக்கமும் சரிவுப்பாதை போட்டு, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று திறந்தார்கள்.

என்னைக் கூட்டிப்போனது எங்கள் பக்கத்து ஊர்ச் சேரிப் பையன். அங்கே கம்ப்யூட்டர் வேலை. “யாரும் யாரையும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்கண்ணே, பாருங்க” என்றான். பார்த்தேன். கறுப்பர், வெள்ளையர், புள்ளைகுட்டி, நாய் என்று எல்லாம் கலந்து நடக்குது. நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த ஆறு லேசுப்பட்ட ஆறு இல்லை. 1865 வரைக்கும் தென்கரை கென்டக்கியில் மனுசரை விலை பேசி விற்றார்கள். வடகரை இண்டியானாவில் அடிமைமுறைக்குச் சட்டத்தில் இடமில்லை. ராத்திரியோடு ராத்திரியாக இந்தத் தண்ணீரைத் தாண்டினவர்கள் எத்தனையோ பேர். தாண்டினாலும் விடவில்லை, தப்பினவரை எந்த மாநிலத்திலும் பிடித்துத் திருப்பி ஒப்படைக்கலாம் என்று 1850இல் சட்டம் போட்டார்கள். இந்தப் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோதே, 1892இல், ரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி என்று கென்டக்கி சட்டம் செய்தது. நம்ம ஊர்த் தனிக் கிளாஸ் மாதிரி. அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தத்துக்கு அந்த மாநிலம் ஒப்புதல் கொடுத்தது எப்போது தெரியுமா? 1976இல். பாபாசாகேப் மறைந்து இருபது வருஷம் கழித்து.

பாலத்தை அழகு என்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அதன் தூணைப் பற்றித்தான் எனக்குப் பேசணும். 1929இல் மேலே இருக்கிற இரும்பையெல்லாம் மாற்றினார்கள். தூண் பழைய தூண்தான். ஆற்று நடுவில் தூண் எழுப்ப ‘கெய்சன்’ என்று ஒன்று உண்டு. அடிப்பக்கம் திறந்த பெரிய பெட்டி. அதை ஆற்றுத் தரையில் இறக்கி, தண்ணீர் ஏறாமல் இருக்க உள்ளே காற்றை அழுத்தி அடைப்பார்கள். ஆட்கள் அதற்குள் எறங்கி, மண்ணை வெட்டி மேலே அனுப்பணும். வெட்ட வெட்டப் பெட்டி கீழே போகும். அழுத்தத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் மூட்டெல்லாம் முடங்கிப்போகும், உயிரும் போகும். 1890 ஜனவரியில் இந்தப் பாலத்துக் கெய்சன் ஒன்றில் தண்ணீர் புகுந்து 12 பேர் செத்தார்கள். சில மாசத்தில் இன்னொன்றில் மர உத்தரம் முறிந்து 4 பேர். 1893 டிசம்பர் 15 அன்று பேய்க்காற்றில் கிரேன் நகர்ந்து, இரும்புச் சட்டம் ஆட்களோடு ஆற்றில் விழுந்தது. விழுந்தவர்கள் 41 பேர், பிழைத்தவர்கள் 20 பேர். ஆக மொத்தம் 37 உசுரு.

இதையெல்லாம் நடு ஆற்றுக்கு மேலே நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்தான். அவன் அப்பா செப்டிக் டேங்கில் எறங்கிச் செத்தவர். மனிதக் கழிவை மனிதன் அள்ளத் தடை என்று 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். அதற்கப்புறம்தான் அந்தச் சாவு. எறங்கச் சொன்ன காண்ட்ராக்டர் ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. அவன் அம்மா பத்துக்காக நாலு வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலைந்தது.

“அண்ணே, அந்தப் பெட்டிக்குள்ள காத்து அனுப்புனாங்கன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமாப்பா. பம்பு வச்சு அனுப்புவாங்க.”

“எங்கப்பாவுக்கு அதுகூட இல்லண்ணே. இடுப்புல ஒரு கயிறு மட்டும்தான் கட்டினாங்க.”