இரும்பு தின்னும் பவுடர்

விருத்தாசலம் பீங்கான்காரர்களுக்கு இரும்பு ஆகாது. களிமண்ணில் கொஞ்சம் கூடினாலும் வெள்ளையாக வரவேண்டிய சாமான் சூளையில் பழுப்பேறிவிடும். பக்கத்தில் எங்க ஊர் வேப்பூர். செம்மண் காட்டில் நடந்தால் கால் சிவக்கும், அதுவும் இரும்புதான். இவ்வளவு இரும்பு கிடக்கும் மண்ணில் பாக்டீரியா இரும்புக்குப் பட்டினி கிடக்கிறது என்றால் நம்புவீங்களா?

காரணம், மண்ணில் இருப்பது துரு. காற்றுபட்ட, உப்புமில்லாத புளிப்புமில்லாத தண்ணீரில் அது கரையவே கரையாது. ஒரு லிட்டரில் கரைந்து தனியாகத் திரியும் இரும்பு சில லட்சம் அயனிதான். ஒரே ஒரு பாக்டீரியா வளர்ந்து இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய அவ்வளவு வேணும்!

போன பட்டத்தில் சித்தப்பாவுக்கு மல்லாட்டையில் (வெளியூர் மக்களே, வேர்க்கடலை) கால் ஏக்கர் வேரழுகலில் போச்சு. இந்தமுறை சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பிஎஃப்-1 என்ற ரகத்தை டால்க் பவுடரில் கலந்து பரப்பியதே, அதுதான். கிலோ விதைக்கு 10 கிராம். "என்னடா இது, மல்லாட்டைக்குப் பவுடர் பூசிப் பொண்ணு பாக்கப் போறமா?" என்றார். பரீட்சைக்குப் படித்ததை அவருக்குச் சொல்லவேண்டியதாயிற்று. (வைவாவே தேவலை.)

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த பாக்டீரியா பயோவெர்டின் என்ற மஞ்சள்பச்சைப் பொருளை வெளியே விடும். இரும்பைக் கவ்வும் கொக்கி அது; பொதுப்பெயர் சிடரோஃபோர். லேபில் இரும்பு குறைந்த தட்டில் வளர்த்துப் புறஊதா விளக்கில் காட்டினால் பச்சையாக ஒளிரும். இரும்பை ஊற்றினால் ஒளி போயிடும்.

இரும்பைக் கவ்விய கொக்கி வீட்டுக்குள் போவதுதான் கஷ்டம். வாசல் கதவு, நடை, உள்கதவு என்று இரட்டைச் சுவர் வீடு. வாசலில் பீப்பாய் மாதிரி ஒரு புரதம், நடுவில் தக்கை. வெளிச்சவ்வில் சக்தி கிடையாது. அதனால் உள்சவ்விலிருந்து டான்-பி என்ற புரதம் நடையைத் தாண்டிக் கை நீட்டித் தக்கையை இழுக்கும். அதற்குத் தெம்பு, உள்சவ்வின் இருபுறமும் புரோட்டான் அளவில் உள்ள வித்தியாசம்.

நடைக்கு வந்தபின் ஆளாளுக்கு ஒரு வழக்கம். ஈ.கோலை தன் கொக்கியை உள்ளேவரை கொண்டுபோய் வெட்டித்தான் இரும்பை எடுக்கும். சூடோமோனாஸ் எருகினோசா சிக்கனக்காரன்: நடையிலேயே இரும்பைக் கழற்றிக்கொண்டு, காலி சோடா பாட்டில் மாதிரி கொக்கியைத் திரும்ப வெளியே அனுப்பிவிடும்.

வேரழுகல் பூஞ்சைக்கும் இரும்பு வேணும். அதுவும் கொக்கி செய்யும். ஆனால் பலநேரம் பயோவெர்டின் பிடி பலம். வேரைச் சுற்றி நம்மாள் குடியேறிவிட்டால் பூஞ்சைக்குப் பந்தியில் இலை கிடையாது. இது மட்டுமே ஆயுதமில்லை. பூஞ்சையைக் கொல்லும் பொருளும் செய்யும், செடியின் எதிர்ப்புசக்தியையும் உசுப்பும்.

எல்லாம் கேட்டுவிட்டு சித்தப்பா போட்டார் ஒரு போடு: "இரும்புக்குத்தான் சண்டைன்னா, எல மஞ்சளானா அன்னபேதி அடிக்கச் சொல்றாங்களே, அப்ப ஒன் பாக்டீரியா வேலை செய்யுமா?"

எங்க கேள்வித்தாளில்கூட இப்படி வந்ததில்லை. 1980-ல் அமெரிக்காவில் குளோப்பர் குழுவினர் இதைத்தான் பார்த்தார்கள். நோயை அடக்கிய மண்ணில் இரும்பைச் சேர்த்ததும் அந்த அடக்கும் குணம் போய்விட்டது. இரும்பு தாராளமாகக் கிடைத்தால் பாக்டீரியா கொக்கி செய்வதையே நிறுத்திவிடும். "எலையில தெளிங்க, வேர்ல கொட்டாதீங்க" என்றேன்.

பாதிக் காட்டுக்குத்தான் பவுடர் கலந்து விதைத்திருக்கிறார். மீதி சும்மா. "ரெண்டையும் புடுங்கிப் பாத்துட்டு ஒன் படிப்ப நம்புறேன்" என்கிறார்.