பழைய விமானங்கள்

பழஞ்சொற்கள் மறைதலும் புதுச்சொற்கள் தோன்றுதலும் குற்றமாகா என்று நன்னூலார் விதித்துச் சென்றார். சொற்களுக்கமைந்த அவ்விதி பொறிகளுக்கும் அமையுமென்றே யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். பழைய வண்டியும் பழைய கடிகாரமும் தம் காலம் முடிந்தபின் ஒதுங்குதல் இயல்பு. அவற்றைத் திருத்தி ஓட்ட முயல்வோர் பொருளை வீணே செலவிடுவோர் என்பது எம் துணிபு. அத்துணிபு தளர்ந்த வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சென்ற ஆண்டு, காய்ச்சலால் விடுதி அறையிற் படுத்திருந்த ஓரிரவு, தோழர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படக்காட்சியைக் காட்டினார். இங்கிலாந்திலே, பெட்ஃபோர்ட்ஷயரிலே, ஓல்ட் வார்டன் என்னும் சிற்றூர். அங்குள்ள விமானத் திடலிற் புல்வெளியே ஓடுபாதை. வெயில் சாய்ந்து காற்றடங்கிய பின், தும்பியின் எலும்புக்கூடு போன்ற ஒன்றைச் சிலர் கையால் தள்ளிக் கொணர்ந்தனர். ஒருவர் முன்னின்று அதன் விசிறியைச் சுழற்றினார். பொறி இருமிற்று, புகைந்தது, பின்பு சீராக முழங்கத் தொடங்கிற்று. அவ்வூர்தி புல்லின்மீது ஓடி, சிறிதளவே மேலெழுந்து, நேரே சென்று, திடலின் மறுபுறத்தில் இறங்கிற்று. அவ்வளவே! ஆயினும் வேலியோரம் நின்றோர் அனைவரும் மகிழ்ந்து கைகொட்டினர்.

அது 1909ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட பிளேரியோ விமானம். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் லூயி பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தாரன்றோ? அவர் ஏறிய ஊர்தியின் உடன்பிறப்பு இது. 1912இற் பழுதுற்று, லண்டன் மாநகரில் ஓர் இரயிற்பாலத்தின் அடியிற் கேட்பாரற்றுக் கிடந்தது. அதனை ஒருவர் எடுத்துச் செப்பனிட்டார். 1935இல் ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் என்னும் இளைஞரிடம் அது வந்து சேர்ந்தது. அவரும் 1909இற் பிறந்தவரே. பழைய மோட்டார் வண்டிகளையும் விமானங்களையும் தேடிச் சேர்த்துத் திருத்தி ஓட்டுவது அவர்க்குப் பேரின்பம். 1940இல், போர்க்காலத்தில், விமானப்படைப் பயிற்சியின்போது ஊர்தி வீழ்ந்து அவர் இறந்தார். அவர்தம் அன்னையார் 1944இல் மகன் நினைவாக ஓர் அறநிலையம் நிறுவினார். அங்குள்ள ஊர்திகள் இன்றும் மக்கள் காணப் பறக்கின்றன.

அவற்றைப் பேணும் முறையை அறிந்தபோது எம் வியப்பு மிகுந்தது. அக்காலத்து விமானம் மரச்சட்டமும் கம்பியும் துணியுமேயாம். சட்டத்தின்மீது துணியைப் போர்த்து, ஒருவகை மெருகெண்ணெய் பூசுவர். அது உலர உலரத் துணி மத்தளத்தோல்போல் இறுகும். பிளேரியோ விமானத்தைச் சாய்க்க இக்காலத்தாரைப்போல் சிறகில் மடல் வைக்கவில்லை. கம்பியை இழுத்துச் சிறகையே முறுக்குவர். முதல் உலகப்போர்க் காலத்து விமானங்கள் பலவற்றிலோ பொறியே விசிறியோடு சேர்ந்து சுழலும். அதற்கு இடும் எண்ணெய் யாது? நம் பாட்டிமார் பேதிக்குத் தந்த ஆமணக்கெண்ணெயே! அது பெட்ரோலோடு எளிதிற் கலவாது என்பதே காரணம். இவ்வேலைகளைப் படித்து மட்டும் அறிதல் இயலாது. முதியவர் கையினின்று இளையவர் கைக்கு அவை இறங்கவேண்டும். ஊர்தி பறக்குமளவும் அக்கைத்திறனும் சாவாது.

நம் நாட்டிலும் இத்தகைய செயல் ஒன்று நிகழ்ந்தது. 1947 அக்டோபர் 27ஆம் நாள் நம் படைவீரரை ஸ்ரீநகரில் இறக்கியவை டகோட்டா விமானங்கள். அவ்வகை விமானத்தை ஓட்டியவருள் ஒருவர் மகனாகிய ராஜீவ் சந்திரசேகர், பழைய டகோட்டா ஒன்றை வாங்கி, இங்கிலாந்திற் செப்பனிடுவித்து, நம் விமானப்படைக்குக் கொடையாக அளித்தார். 2018இல் அது பல நாடுகளில் இறங்கி இறங்கித் தானே பறந்து இந்தியா வந்தது. ‘பரசுராமா’ என்று பெயர் பெற்றது. அங்கே மகனுக்காகத் தாய். இங்கே தந்தைக்காக மகன்.

“பழைய ஊர்தியைப் பறக்கவிட்டால் ஒருநாள் வீழ்ந்து அழியாதோ? கண்ணாடிப் பேழையுள் வைத்தாலென்ன?” என்று தோழரை வினவினோம். வினவிய வாய் மூடுமுன்னரே எம் நெஞ்சு எம்மைச் சுட்டது.

எம் பாட்டனார் எம்மூர்த் திருச்சபையில் நாற்பதாண்டு கீர்த்தனைகளுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். 2019இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, அவ்வார்மோனியத்தைத் துணியாற் போர்த்திப் பெட்டியிலிட்டுப் பூட்டியவர் யாமே. தங்கை தொட வந்தபோது, “உடைந்துவிடும், போ” என்று கடிந்தோம். அன்பினாற் செய்தோம் என்றே நம்பினோம். காய்ச்சல் நீங்கிக் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஊர் சென்று பூட்டைத் திறந்தோம். துருத்தியின் தோலைக் கரப்பான் அரித்திருந்தது. பித்தளை நாக்குகள் களிம்பேறியிருந்தன. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எமக்குப் பெரிய தண்டனையாயிற்று.

அருகிலுள்ள நகரத்து முதிய கைவினைஞர் ஒருவர் புதுத்தோல் தைத்தார். யாமும் தங்கையும் அவரருகே அமர்ந்து, நாக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தோம். உயிர்த்தெழுந்த திருநாளன்று ஆலயத்தில் அவள் வாசித்தாள். இரண்டு கட்டைகள் இன்னும் ஒலிப்பதில்லை. பாட்டு அவ்விடங்களிற் சிறிது நொண்டிற்று. பாட்டியாரோ கண்ணை மூடிக் கேட்டிருந்துவிட்டு, “உங்கள் தாத்தா வேகமாக வாசிப்பார், இவள் பொறுமையாக வாசிக்கிறாள்” என்றார்.

பறக்கும் விமானம் ஒருநாள் வீழலாம். வாசிக்கும் துருத்தி ஒருநாள் கிழியலாம். பூட்டிய பெட்டியிலும் அழிவு நிகழ்தலை யாம் கண்டோம். ஆதலின், உடன்பயிலும் அன்பர்காள்! உங்கள் இல்லத்துப் பரணிலும் முன்னோர் கைபட்ட பொருள் ஏதேனும் உறங்கக்கூடும். இவ்விடுமுறையில் அதனை இறக்கித் துடைத்துப் பாருங்கள். பின்பு உங்கள் தம்பி தங்கையர் கையில் அதனைக் கொடுங்கள்.